ராஜாவுக்குக் கிடைத்த தீர்ப்பும் அப்பாவின் பென்ஷனும்

திருக்கோகர்ணத்துக்காரன் ராஜா கதை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்னு வெளியூர் நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க. என்ன செய்றது, வளர்ந்த இடம் அப்படி. தெருமுனையில் திரும்பினா மலையைக் குடைஞ்சு எடுத்த கோகர்ணேஸ்வரர் கோயில். இன்னொரு பக்கம் போனா 1910-ல் சமஸ்தானம் ஆரம்பிச்ச மியூசியம். கோயிலுக்குள்ளே இருக்கிற பிரகதாம்பாள்தான் தொண்டைமான் ராஜாக்களுக்குக் குலதெய்வம். அவங்க பட்டப்பெயரிலேயே 'பிரகதாம்பாதாஸ்' உண்டு. ஆள்றது நான் இல்லை, அம்மன்தான், நான் அவளுக்கு ஊழியம் பார்க்கிறவன்னு அர்த்தம்.

அப்பத்தாவோட சுருக்குப் பையில் ஒரு அம்மன் காசு இருந்தது. விரல்நுனியில் ஒட்டிக்கிற அளவுக்குச் சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோட இந்தக் காசும் கொடுப்பாங்களாம். அப்பத்தா அதைச் செலவும் பண்ணலை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. "மகராசா கையால வந்த காசு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

அவங்க பெத்த பிள்ளை, அதாவது எங்க அப்பா, இதுக்கு நேர் எதிர். ஆரம்பப் பள்ளி வாத்தியார். ராஜா பேச்சை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. இந்தப் பதிவு அப்பத்தாவைப் பத்தியோ காசைப் பத்தியோ இல்லை. அப்பாவுக்கும் எனக்கும் ரொம்ப வருஷம் ஓடின ஒரு சண்டையைப் பத்தி. சண்டையின் தலைப்பு, மன்னர் மானியம்.

*

புதுசா படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் பின்கதை.

புதுக்கோட்டை பிரிட்டிஷ்காரன் நேரா ஆண்ட ஊர் இல்லை. சுத்திலும் சென்னை மாகாணம், நடுவில் தீவு மாதிரி தனிச் சமஸ்தானம். சட்டம் போடுறது ராஜா பேரில். அதை நடத்துறது ராஜா பேரில். தப்புப் பண்ணினவனை விசாரிச்சுத் தண்டிக்கிறதும் ராஜா பேரில். சேஷையா சாஸ்திரி மாதிரி பெரிய திவான்கள் வந்து நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினாங்க, கோர்ட்டுகள் இருந்தன, 1924-ல் ஒரு சட்டசபைகூட வந்தது. தேர்ந்தெடுத்த ஆட்களும் உண்டு, நியமிச்ச ஆட்களும் உண்டு. கேள்வி கேட்கலாம், விவாதம் பண்ணலாம். ஆனா அவங்க சொன்னதை தர்பார் கேட்டே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

அப்போ ராஜாவைத் தடுக்க ஆளே இல்லையா? இருந்தாங்க. மேலே பிரிட்டிஷ் அரசோட பிரதிநிதி. ராஜா எப்படிச் செலவு பண்ணணும், யாரைத் திவானா வைக்கணும்னு வரைக்கும் தலையிட்டாங்க. 'மேலாதிக்கம்'னு அதுக்குப் பேர். அந்த மேலாதிக்கத்துக்கு எல்லை எது? எழுதி வைக்கலை. லண்டனுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேற இடத்தில் தலைகாட்டும்.

1928-ல் ராஜகோபாலத் தொண்டைமான் ஆறு வயசுப் பையனா பட்டத்துக்கு வந்தார். நாடு விடுதலை ஆனப்போ அவருக்கு 25. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தது. புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தில் ஒரு பகுதி ஆச்சு.

இப்படி நாடு முழுக்க ஐநூத்துச் சொச்சம் சமஸ்தானங்களைச் சேர்க்கும்போது பட்டேலும் வி.பி. மேனனும் ராஜாக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாங்க. நாட்டைக் கொடுங்க, படையைக் கொடுங்க, கஜானாவைக் கொடுங்க. பதிலுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை, வருமான வரி இல்லாம. பழைய பட்டம், மரியாதை எல்லாம் இருக்கும். இதை வெறும் ஒப்பந்தமா விடாம அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதினாங்க. 291-வது பிரிவு பணத்துக்கு. 362-வது பிரிவு மரியாதைக்கு. 366-வது பிரிவில் 22-வது உட்பிரிவு 'மன்னர்'னா யாருன்னு சொல்லுச்சு: குடியரசுத் தலைவர் யாரை அங்கீகரிக்கிறாரோ அவர்.

இந்த 366(22) வெறும் விளக்கம் சொல்ற பிரிவு. அகராதியில் வர்ற மாதிரி ஒரு வரி. இதை வெச்சுத்தான் பின்னாடி பெரிய விளையாட்டே நடந்தது.

*

எங்க அப்பா கட்சி என்னன்னா: "ராஜா வீட்டுல பொறந்ததுக்கு எதுக்குடா சம்பளம்? நான் நாப்பது புள்ளைங்களுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்து வாங்குறேன். அவரு என்னத்தச் சொல்லிக்கொடுத்தாரு?"

நியாயமான கேள்விதான். 1970 வாக்கில் மன்னர் மானியம் மொத்தமா வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அரசு பட்ஜெட்டில் பெரிய தொகை இல்லைதான். ஆனா ரேஷன் கடையில் நிக்கிற சனத்துக்கு, பொறந்த காரணத்துக்காக ஒருத்தருக்கு வரியில்லாப் பணம் போகுதுங்கறதே உறுத்தல். ராஜாஜி மாதிரி ஆட்கள், கொடுத்த வாக்கை மீறுறது நாட்டுக்கு அழகில்லைன்னு சொன்னாங்க. ரெண்டு பக்கமும் பேசறதுக்கு விஷயம் இருந்தது.

இந்திரா காந்தி அரசு ஒழிக்கிறதுன்னு முடிவெடுத்தது. அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிற விஷயம், அதனால் அதைத் திருத்தணும். ரெண்டு சபையிலும் வந்து ஓட்டுப் போட்டவங்களில் மூணில் ரெண்டு பங்கு வேணும். மக்களவையில் 1970 செப்டம்பர் 2-ல் நிறைவேறியாச்சு. செப்டம்பர் 5, சனிக்கிழமை, மாநிலங்களவை. ஆதரவு 149. எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூணில் ரெண்டு பங்குன்னா 149.33.

கணக்குப் பார்த்தீங்களா? ஒரு ஓட்டில் மூணில் ஒரு பங்கு குறைஞ்சு மசோதா தோத்துப்போச்சு. எங்க அப்பா கணக்கு வாத்தியார்தான். ஆனா இந்தக் கணக்கை மட்டும் அவர் ஒத்துக்கவே இல்லை :-)

சபை 'முடியாது'ன்னு சொல்லியாச்சு. அடுத்து என்ன பண்ணலாம்? மறுபடி கொண்டு வரலாம். தேர்தலுக்குப் போய் மக்கள்கிட்டக் கேட்கலாம். அரசு இது எதையும் செய்யலை. அன்னைக்கே அமைச்சரவை கூடினது. குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அப்போ ஐதராபாத்தில் இருந்தார். அங்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினாங்க. செப்டம்பர் 6 தேதி போட்டு ஒவ்வொரு ராஜாவுக்கும் தனித்தனியா, அச்சடிச்ச மாதிரி ஒரே வாசகத்தில் ஒரு சின்ன ஆணை. இன்று முதல் உங்களை மன்னரா அங்கீகரிச்சது ரத்து.

அவ்வளவுதான். 291-வது பிரிவு அப்படியே இருக்கு. யாரும் தொடலை. ஆனா 'மன்னர்'னு நாட்டில் ஒருத்தரும் இல்லை, அப்போ யாருக்குப் பணம் கொடுக்கிறது? மசோதாவால் முடியாததை ஒரே ராத்திரியில் ஆணை முடிச்சிருச்சு. 17 குண்டு மரியாதை வாங்கின புதுக்கோட்டை ராஜாவும் பொழுது விடிஞ்சப்போ வெறும் திருவாளர் ராஜகோபாலத் தொண்டைமான்.

அப்பா சொல்வார், ரேடியோவில் இந்தச் செய்தி வந்த அன்னைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் அவர் காசில் டீ வாங்கிக்கொடுத்தாராம். எங்க அப்பாவைத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

*

குவாலியர் மாதவராவ் சிந்தியா உள்பட சில மன்னர்கள் நேரா உச்ச நீதிமன்றம் போனாங்க. அவங்களுக்காக நானி பல்கிவாலா வாதாடினார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாவைச் சேர்த்து 11 நீதிபதிகள். 1970 டிசம்பர் 15-ல் தீர்ப்பு. ஒன்பது பேர் ஆணை செல்லாதுன்னாங்க. மித்தர், ஏ.என். ரே ரெண்டு பேர் மட்டும் மாறுபட்டாங்க.

அரசு வெச்ச வாதங்களை எளிமையா சொல்றேன்.

முதல் வாதம்: அங்கீகரிக்கிற அதிகாரம் இருக்குன்னா அதை எடுக்கிற அதிகாரமும் இருக்கு.

இதுக்கு நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. நிலத்துக்காரர் செத்துப்போயிட்டா வாரிசு யார்னு பார்த்துப் பட்டாவில் பேர் மாத்துற அதிகாரம் தாசில்தாருக்கு உண்டு. தப்பான ஆள் பேரில் ஏறியிருந்தா எடுத்துட்டுச் சரியான ஆள் பேரைப் போடலாம். அதுக்காக, "இன்னையிலேர்ந்து இந்தக் கிராமத்தில் எந்த நிலத்துக்கும் யாருக்கும் பட்டா கிடையாது"ன்னு ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? யாருக்குன்னு முடிவு பண்றது வேற, யாருக்குமே இல்லைன்னு சொல்றது வேற. மன்னர் யாருன்னு அடையாளம் காட்டத்தான் 366(22). அந்த ஏற்பாட்டையே குழிதோண்டிப் புதைக்க அதில் அதிகாரம் இல்லைன்னு கோர்ட் சொல்லிருச்சு.

ரெண்டாவது வாதம்: சமஸ்தான ஒப்பந்தங்களைப் பத்தின தகராறில் கோர்ட் தலையிடக் கூடாதுன்னு 363-வது பிரிவு சொல்லுது. பிரிவு இருக்கிறது உண்மைதான். ஆனா ஒரு ஆணை அரசியலமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டதா, மீறினதான்னு பார்க்கிற வேலையை அந்தப் பிரிவு கோர்ட்டிடமிருந்து பிடுங்கலைன்னு பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு பண்ணினாங்க.

மூணாவதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வாதம். ராஜாக்களை அங்கீகரிக்கிறது பிரிட்டிஷ்காரனோட பழைய மேலாதிக்க அதிகாரம் மாதிரி ஒரு அரசியல் அதிகாரம், அதில் கேள்வி கிடையாதுன்னு அரசு தரப்பு சொன்னது. பார்த்தீங்களா, முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த வார்த்தை. ராஜாக்களை ஒழிக்கிறோம்னு கிளம்பினவங்க, ராஜாவுக்கும் மேலே உட்கார்ந்திருந்த துரையோட நாற்காலியை எடுத்துப் போட்டுக்கப் பார்த்தாங்க! 1947-லேயே மேலாதிக்கம் செத்துப்போச்சு, குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்புச் சட்டத்துக்கு மேலே ஒரு அதிகாரமும் கிடையாதுன்னு நீதிபதி ஜே.சி. ஷா எழுதின தீர்ப்பு சொல்லுது.

அப்பத்தாவோட ராஜா, அம்மனுக்குத் தாசன்னு பேரிலேயே போட்டுக்கிட்டவர். நம்ம ஆட்சியாளர்கள் யாருக்குத் தாசர்கள்னு 11 பேர் உட்கார்ந்து சொல்ல வேண்டி வந்தது.

*

இது நம்ம நாட்டுக் கோர்ட் மட்டும் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 1952-ல் கொரியப் போர் நடக்குது. அமெரிக்க இரும்பு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகுது. போருக்கு இரும்பு வேணுமேன்னு ஏப்ரல் 8-ல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒரு ஆணை போட்டு ஆலைகளை அரசு வசம் எடுத்தார். ஜூன் 2-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து பண்ணிருச்சு. இப்படி ஆலையைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கலாமான்னு 1947-லேயே அவங்க நாடாளுமன்றம் யோசிச்சு, வேண்டாம்னு விட்டிருந்தது. சபை வேண்டாம்னதை ஆணை எடுத்துக்கப் பார்த்தது. ஆள் வேற, ஊர் வேற, கதை ஒண்ணு.

'அப்போ அரசு எதுக்கெடுத்தாலும் சபைக்கு ஓடணுமா?'ன்னு கேட்பீங்க. இல்லை. பஞ்சாப் அரசு பாடப் புத்தகம் அச்சடிக்கிற வேலையில் தானே இறங்கினது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டாங்க. தனிச் சட்டம் இல்லாமலே அரசு இதைச் செய்யலாம்னு 1955-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நம்ம நாட்டில் மூணு அதிகாரமும் சுவர் வெச்சுப் பிரிச்ச மாதிரி இல்லை, ஆனா ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் எடுத்துக்கக் கூடாதுன்னும் அதே தீர்ப்பில் இருக்கு. அதாவது ரோடு போட, பள்ளிக்கூடம் திறக்க, புத்தகம் அச்சடிக்க ஆணை போதும். ஒருத்தர்கிட்ட இருக்கிற உரிமையைப் பறிக்கணும்னா சட்டம் வேணும்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது ஜல்லிக்கட்டிலேயே தெரியும். வருஷத்தின் முதல் வாடிவாசல் பெரும்பாலும் நம்ம தச்சங்குறிச்சியில்தானே திறக்குது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2016 ஜனவரி 7-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டு அனுமதிச்சது. பொங்கலுக்கு மாடெல்லாம் தயார். அஞ்சே நாளில், ஜனவரி 12-ல் கோர்ட் இடைக்காலத் தடை. அடுத்த வருஷம் மெரினாவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 21-ல் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. ஆனா அதோட நிறுத்தலை. ரெண்டே நாளில், 23-ம் தேதி, சட்டசபையைக் கூட்டி முழுச் சட்டமா நிறைவேத்தினாங்க. அந்தச் சட்டம் 2023 மே 18-ல் அஞ்சு நீதிபதிகள் முன்னாடி நின்னு ஜெயிச்சது. அறிவிக்கை அஞ்சு நாள் தாங்கலை. சபை போட்ட சட்டம் இன்னைக்கும் இருக்கு.

அவசரச் சட்டம்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். சபை கூடாத நேரத்துக்கு மட்டும் அரசுக்குக் கொடுத்த கடன் அது. சபை கூடினதும் ஆறு வாரத்துக்குள்ளே சட்டமாக்கி அடைக்கணும். பீகாரில் அடைக்கவே இல்லை. 1967-லிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். திரும்பத் திரும்பப் புதுப்பிச்சே சிலதை 14 வருஷம் வரைக்கும் ஓட்டினாங்க. புனேயிலிருந்து டி.சி. வாத்வான்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் கெஜட்டுகளைப் புரட்டிப் புரட்டி இதைக் கண்டுபிடிச்சு, புத்தகமா எழுதி, கோர்ட்டுக்கும் போனார். இப்படி ஆள்றது அரசியலமைப்புச் சட்டத்தை ஏமாத்துறதுன்னு 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு தனி மனுசர், கையில் நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான்.

*

சரி, சண்டைக்கு வர்றேன்.

காலேஜ் படிக்கிறப்போ இந்த வழக்கைப் பத்திக் கேள்விப்பட்டு வீட்டில் வந்து பேசினேன். "ஆணை தப்புதான்பா, சபை தோக்கடிச்சதை ராத்திரியோட ராத்திரியா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"கோர்ட்டு பணக்காரனுக்குத்தான்டா. ஏழை கேஸுக்கு 11 ஜட்ஜு உக்காருவானா?"

அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. இன்னைக்கும் முழுசா இல்லை.

"சரி, கடைசியில என்ன ஆச்சு? ராஜா மானியம் போச்சா இல்லையா?"ன்னு அவரே எடுத்துக்கொடுப்பார். போச்சு. தீர்ப்பு வந்த அதே டிசம்பரில் மக்களவையைக் கலைச்சாங்க. 1971 மார்ச் தேர்தலில் 'வறுமையே வெளியேறு'ன்னு கேட்டு இந்திரா காந்தி 352 இடம் ஜெயிச்சார். இந்தத் தடவை சரியான வாசல் வழியா வந்தாங்க. ரெண்டு சபையிலும் மூணில் ரெண்டு பங்கு வாங்கி 26-வது திருத்தம். 1971 டிசம்பர் 28-லேர்ந்து 291, 362 ரெண்டு பிரிவும் அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை. பின்னாடி இதையும் எதிர்த்து வழக்குப் போட்டாங்க, 1993-ல் திருத்தம் செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

"பாத்தியா, நான் சொன்னதுதான் நடந்துச்சு. இடையில ஒரு வருசம் வெட்டியாப் போச்சு"ம்பார் அப்பா. தீர்ப்பிலிருந்து திருத்தம் வரைக்கும் சரியா ஒரு வருஷம் 13 நாள். அவர் கணக்கில் வீண். என் கணக்கில், அந்த ஒரு வருஷத்துக்குத்தான் விலை. ஆனா அதை அவருக்குப் புரியவைக்கிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியலை.

அப்பா 1994-ல் ரிடையர் ஆனார். மாசம் பிறந்தா பென்ஷன். ஒவ்வொரு வருஷமும் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போய் "உயிரோட இருக்கேன்"னு காட்டிட்டு வருவார். ஒரு தடவை, பென்ஷனில் கைவைக்கப் போறாங்கன்னு ஏதோ வதந்தி கிளம்பி, பழைய வாத்தியார்கள் எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில் கூடிட்டாங்க. அரசாங்கம் ஒரு ஜி.ஓ. போட்டா நிறுத்திர முடியுமான்னு கேள்வி. வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்டப் போய்க் கேட்டேன். அவர் ஒரு பழைய தீர்ப்பு நகலைக் கொடுத்தார். தேவகிநந்தன் பிரசாத் எதிர் பீகார் அரசு, 1971.

பீகார் கல்வித் துறையில் வேலை பார்த்த ஒருத்தர். அவருக்குப் பென்ஷன் இல்லைன்னு அரசு ஆணை. அவர் வழக்குப் போட்டார். அதை விசாரிச்சு உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பென்ஷன் அரசு மனசு வெச்சுக் கொடுக்கிற இனாம் இல்லை, ஊழியரோட சொத்து. வெறும் நிர்வாக ஆணையால் அதை நிறுத்தி வைக்க முடியாது.

இதுக்கு என்ன ஆதாரம்னு தீர்ப்பைத் திருப்பினேன். அரசு கொடுக்க வேண்டிய பணத்தைச் சொத்துன்னு ஏற்கெனவே சொன்ன தீர்ப்புகளை அடுக்குறாங்க. அதில் ஒண்ணு மாதவராவ் சிந்தியா வழக்கு. மன்னர் மானியம்!

தீர்ப்பை எழுதின நீதிபதி வைத்தியலிங்கம், மன்னர் மானிய வழக்கின் 11 பேரில் ஒருத்தர். அந்தத் தீர்ப்பு வந்து ஆறு மாசம்கூட ஆகலை. ராஜாவுக்காகப் போட்ட பூட்டு, பீகார்க்காரர் ஒருத்தரோட பென்ஷனுக்குக் காவலா நின்னுக்கிட்டிருக்கு. சொத்துரிமை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து 1978-ல் போயாச்சு, அதுக்குப் பிறகும் 2013-ல் ஜார்க்கண்ட் வழக்கு ஒண்ணில், சட்டத்தின் துணை இல்லாம வெறும் நிர்வாக அறிவுரையை வெச்சுப் பென்ஷனைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு மறுபடியும் சொல்லியிருக்காங்க.

தீர்ப்பைத் தமிழில் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "ராஜா கேஸா இது?"ன்னு கேட்டார். ஆமான்னேன்.

"அவருக்கு நான் டீ வாங்கிக்கொடுக்கணும் போல இருக்கே"ன்னார். அவ்வளவுதான். அதோட சண்டை முடிஞ்சுது. மன்னர் மானியம் போனது நல்லதுதான்னு கடைசி வரைக்கும் சொன்னார், நானும் அதைத்தான் சொல்றேன். போன வழி மட்டும்தான் எங்களுக்குள்ளே தகராறு.

*

கோர்ட் எப்பவும் காப்பாத்திரும்னு சொல்லி முடிச்சா பொய் சொன்ன மாதிரி ஆகும். 1975-ல் நெருக்கடி நிலை. ஜூன் 27-ல் இன்னொரு குடியரசுத் தலைவர் ஆணை: உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமைக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை 4-க்கு 1 என்ற கணக்கில் ஏத்துக்கிச்சு. அப்போ தலைமை நீதிபதி ஏ.என். ரே. 1970-ல் மன்னர் மானிய வழக்கில் அரசு பக்கம் நின்ன ரெண்டு பேரில் ஒருத்தர். 1973-ல் மூணு மூத்த நீதிபதிகளைத் தாண்டி அவரைத் தலைமை நீதிபதி ஆக்கியிருந்தாங்க. தாண்டப்பட்ட ஷெலத், ஹெக்டே, குரோவர் மூணு பேருமே 1970-ல் ஆணை செல்லாதுன்னவங்க. மாறுபட்டு எழுதின ஒரே ஆள் எச்.ஆர். கன்னா. அந்தத் தீர்ப்பு தப்புன்னு கோர்ட்டே சொல்ல 2017 வரைக்கும் ஆச்சு. பூட்டு நல்ல பூட்டுதான், ஆனா சாவி யார் கையில் இருக்குங்கறதையும் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆச்சு. ராஜாவோட புது அரண்மனைதான் இப்போ கலெக்டர் ஆபீஸ். ராஜகோபாலத் தொண்டைமான் 1997-ல் காலமானார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அங்கே போய்ப் பாருங்க. ராஜாவைப் பார்க்கக் கைகட்டி நின்ன இடத்தில் சனங்க கையில் மனுவோட வரிசையில் நிக்கும்.

அம்மாவோட குடும்பப் பென்ஷன் வேலையா அலைஞ்சப்போ அரசாணைகள் நிறையப் பார்த்தேன். 'ஆணை'ன்னு எழுதறதுக்கு முன்னாடி மேலே ஒரு பட்டியல் இருக்கும், 'படிக்கப்பட்டவை'ன்னு. எந்தச் சட்டம், எந்த விதி, எந்தப் பழைய ஆணைன்னு வரிசையா. முன்னெல்லாம் அதைத் தாண்டி நேரா கீழே போயிருவேன். இப்போ முதலில் அதைத்தான் படிக்கிறேன். இந்த ஆணை போட உனக்கு அதிகாரம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா அரசு பதில் சொல்ற இடம் அது. அப்பத்தா காலத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. மகராசா கையால வந்ததுன்னா முடிஞ்சுது.

அந்த அம்மன் காசு இப்போ என் மேசை டிராயரில் இருக்கு. அப்பாவோட பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் இனிமே சண்டை போட மாட்டாங்கன்னு நம்பறேன் :-)